திரையில் வரும் அப்பாவை நம்பும் பிள்ளைக்கு

தூத்துக்குடியில் எத்தனையோ வீடுகளில் அப்பா மாதக்கணக்கில் செல்போன் திரைக்குள்தான் இருக்கிறார். சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர், மாலத்தீவுக்குத் தோணியில் போனவர், வளைகுடா நாட்டில் கம்பெனி வேலையில் இருப்பவர் என்று தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. கப்பல் கரைக்குப் பக்கத்தில் வந்து சிக்னல் கிடைத்ததும் வீடியோ கால் வரும். நாலு வயதுப் பிள்ளை திரைக்கு முத்தம் கொடுக்கும். தன் தட்டில் இருக்கிற இட்லியைப் பிய்த்து அப்பாவுக்கு ஊட்டப் பார்க்கும். அந்தப் பிள்ளையிடம் போய், “செல்லுல வர்றதெல்லாம் பொய், எதையும் நம்பாதே” என்று சொல்ல முடியுமா?

டீப்ஃபேக் காணொளிகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வருகிற பெரியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஒரு பயங்கரமான சம்பவம், ஓர் எச்சரிக்கை, கடைசியில் ‘கண்ணால் காண்பதை நம்பாதீர்கள்’ என்ற அறிவுரை. நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் தவறான பாடம் இது என்பது என் கருத்து. எல்லாவற்றையும் சந்தேகிக்கப் பழகிய பிள்ளை, ஆபத்து வரும்போது பெரியவர்களையும் சேர்த்தே சந்தேகிக்கும். நாம் கொடுக்க வேண்டியது கேட்கும் பழக்கம். யார் அனுப்பியது, எங்கிருந்து வந்தது, இதில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்களா என்று வாய்விட்டுக் கேட்கவும், மனதுக்குச் சரியாகப் படாததை வீட்டில் வந்து சொல்லவும் ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொழில்நுட்பம் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருவருடைய முகத்தையும் குரலையும் கணினிக்குப் பழக்கி, அவர் செய்யாததைச் செய்வதுபோலவும் பேசாததைப் பேசுவதுபோலவும் காணொளி உண்டாக்குவதுதான் டீப்ஃபேக். இயன் குட்ஃபெல்லோ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2014-ல் முன்வைத்த ஒரு முறை, இயந்திரம் தானாகவே நம்பத்தகுந்த படங்களை உருவாக்க வழி திறந்தது. 2017 கடைசியில் நடிகைகளின் முகத்தை ஆபாசப் படங்களில் ஒட்டும் கேவலத்தோடுதான் டீப்ஃபேக் என்ற பெயர் உலகத்துக்கு அறிமுகமானது. அப்போது ஒரு முகத்தைப் போலியாக்க நூற்றுக்கணக்கான படங்களும் நல்ல கணினியும் வேண்டியிருந்தன. இன்று ஒரே ஒரு போட்டோ போதும். குரலுக்கு அதுவும் வேண்டாம். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அறிவித்த ‘வால்-ஈ’ என்ற மாதிரி, மூன்று விநாடிக் குரல் பதிவைக் கேட்டே அந்தக் குரலில் பேசிக் காட்டியது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லை. 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில் மறைந்த கருணாநிதி கறுப்புக் கண்ணாடியோடும் மஞ்சள் துண்டோடும் திரையில் தோன்றி வாழ்த்தினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் பிறந்தநாளன்று அவருடைய குரலில் அ.தி.மு.க. ஒரு பேச்சை வெளியிட்டது. ‘லால் சலாம்’ படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர்.ரஹ்மான் மீட்டெடுத்தார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு ‘கோட்’ படத்தில் மறைந்த விஜயகாந்த் வந்தார். தியேட்டரில் விசில் பறந்தது. ஆக, இறந்தவர்கள் திரையில் பேசுவதை நம் பிள்ளைகள் ஏற்கெனவே கைதட்டிப் பார்த்துவிட்டார்கள். இனி ‘இயந்திரம் செய்தது கெட்டது’ என்று மொத்தமாகச் சொன்னால் அவர்களுக்கு அது புரியப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுச் செய்தார்களா, பார்ப்பவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டுச் செய்தார்களா என்ற இரண்டு கேள்விகளில்தான் வித்தியாசம் இருக்கிறது. அதைச் சிறு பிள்ளைக்கும் சொல்ல முடியும்.

எந்த வயதில் சொல்வது? அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃப்ளேவலும் அவருடைய குழுவினரும் 1990-ல் வெளியிட்ட ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் ஒரு கிண்ணம் நிறைய பாப்கார்ன் தெரிகிறது. ‘இந்தப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பாப்கார்ன் கொட்டுமா?’ என்று கேட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் பலர் கொட்டும் என்றார்கள். நாலு வயதுக்காரர்கள் பெரும்பாலும் கொட்டாது என்றார்கள். திரையில் இருப்பது படம்தான் என்ற அறிவு அந்த ஓராண்டில் முளைக்கிறது. ஆனால், படம் என்று தெரிவது வேறு. அந்தப் படம் பொய் சொல்லக்கூடும் என்று தெரிவது வேறு. இரண்டாவது வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2009-ல் கேத்ரின் செகோவியா, ஜெரமி பெய்லன்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. பிள்ளையைப்போலவே ஓர் உருவத்தை உண்டாக்கி, அது கடலுக்குள் திமிங்கலங்களோடு நீந்துவதாகக் காட்டினார்கள். சில நாட்கள் கழித்துக் கேட்டபோது, தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளில் சிலர் அது தங்களுக்கு நிஜமாகவே நடந்ததாகச் சொன்னார்கள். பெரியவர்களை ஏமாற்றும் காணொளி ஒரு செய்தியைத்தான் பொய்யாக்குகிறது. சிறு பிள்ளையிடம் அது நினைவையே மாற்றி எழுதிவிடக்கூடும்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா இருக்கிறது. மாலை போட்டு விரதம் இருந்து, காளி, அனுமார், குறவன், குறத்தி, போலீஸ்காரர் என்று வேடம் கட்டி, தசராக் குழுக்கள் வீடு வீடாகத் தருமம் எடுத்து வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நாக்கைத் துருத்திக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் காளியைக் கண்டு பயந்து அம்மாவின் சேலைக்குள் ஒளியாத பிள்ளை ஏது? அந்த நேரத்தில் பேச்சை இப்படிக் கொண்டு போகலாம்.

“அம்மா, அது நெசக் காளியா?”

“இல்லம்மா, நம்ம பக்கத்து வீட்டு மாமாதான். அம்மனுக்கு நேர்ந்துகிட்டு வேசம் போட்டிருக்காங்க. மாமா தானா ஆசப்பட்டுப் போட்டது, எல்லாருக்கும் தெரிஞ்சு போட்டது. அதனால தப்பில்ல.”

“சரி.”

“இப்ப ஒருத்தன் உன்கிட்ட கேக்காமலே உன் மூஞ்சிய எடுத்து வேசம் போட்டுக்கிட்டு, கடையில போயி மிட்டாய் திருடுனா, கடைக்காரரு யாரத் திட்டுவாரு?”

“என்னைய.”

“நீ திருடுனியா?”

“இல்ல!”

“செல்லுல அப்படிச் செய்றாங்க. அதுக்குப் பேருதான் டீப்ஃபேக்.”

இவ்வளவு போதும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஏழெட்டு வயதாகிவிட்டால் கூட உட்கார்ந்து செய்து காட்டலாம். செல்போன் கேமராவிலேயே இருக்கும் ஃபில்டரைப் போட்டு அப்பாவைக் கிழவராக்குங்கள், ஆச்சியைக் குமரியாக்குங்கள். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்து முடித்த பிறகு கேளுங்கள்: “இதை ஆச்சிகிட்ட கேக்காம ஊருக்கெல்லாம் அனுப்பலாமா?” ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். பெயர் தெரியாத செயலியில் பிள்ளையின் முகத்தை ஏற்றிக் காட்டாதீர்கள். பாடம் நடத்தப் போய் நாமே அந்த முகத்தை யாரிடமோ கொடுத்ததாக ஆகிவிடும்.

கண் இமைக்கிறதா, விரல் ஆறு இருக்கிறதா, காது வளைந்திருக்கிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கும் வித்தைகளைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பிழைகளெல்லாம் மாதத்துக்கு மாதம் திருத்தப்படுகின்றன. செயற்கையாக உருவாக்கப்பட்ட காணொளிகளில் அதைத் தெரிவிக்கும் முத்திரை வேண்டும் என்று ஒன்றிய அரசு 2026 பிப்ரவரியில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியிருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால், எழுத்துக் கூட்டி வாசிக்கவே தொடங்காத பிள்ளைக்கு அந்த முத்திரையால் என்ன பயன்? பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால்தான் அது முத்திரை.

தவிரவும், ஊரைக் கெடுத்த காணொளிகள் பலவற்றுக்கு இந்தத் தொழில்நுட்பமே தேவைப்பட்டதில்லை. பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு நிறுவனம் விழிப்புணர்வுப் படம் எடுத்தது. மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள்; பிறகு திரும்பி வந்து விட்டுவிட்டு, பிள்ளையைக் கவனியுங்கள் என்று வாசகம் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்தார்கள். மீதி இருந்தது, பிள்ளை பிடிப்பவர்களின் ‘நேரடிக் காட்சி’யாக 2018-ல் இந்தியா முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதே பீதி தமிழ்நாட்டிலும் பரவிக்கிடந்த அந்த மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிடப் போன 65 வயதுப் பெண் ஒருவர், வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகக் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படம், ஒரு வெட்டில் ஆளைக் கொல்லும் படமானது. 2023 மார்ச்சில் பிகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பரவிய காணொளிகளும் அப்படித்தான். வேறு எங்கோ, வேறு எதற்காகவோ நடந்த சண்டைகள், நடித்து எடுத்தவை. பிகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பி வைக்கும் அளவுக்கு அது போனது. அதனால்தான், படம் போலியா என்று ஆராய்வதைவிட எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழக்குவது முக்கியம் என்கிறேன்.

‘எதையும் நம்பாதே’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஊருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காணொளி உண்மை பேசியதால் நியாயம் வெளியே வந்த ஊர் இது. 2018 மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் 13 உயிர்கள் பறிக்கப்பட்டபோது, சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வேனின் மேல் ஏறித் துப்பாக்கியால் குறி பார்க்கும் காட்சியை உலகம் பார்த்தது. வதந்தியைத் தடுக்க என்று சொல்லித் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோது, முதல் தகவல் அறிக்கை ஒன்றைச் சொன்னது. அவர்களுடைய கடைக்குப் பக்கத்தில் இருந்த கண்காணிப்பு கேமரா வேறொன்றைச் சொன்னது. காவல் நிலைய கேமராப் பதிவுகளோ அன்றாடம் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்தன என்று விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார்.

நாளைக்கு இப்படி ஒரு காட்சி வெளியானால், குற்றம் செய்தவர் ‘அது ஏஐ’ என்று ஒற்றை வார்த்தையில் தள்ளிவிடலாம். பாபி செஸ்னி, டேனியல் சிட்ரான் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் இந்த ஆபத்தைப் பற்றி முன்பே எச்சரித்திருக்கிறார்கள்: போலிகள் பெருகப் பெருக, பொய்யர்களுக்கு லாபம். தமிழ்நாட்டில் 2023-ல் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேசியதாக வெளியான ஒலிப்பதிவுகளை அவர் போலி என்று மறுத்தார். அதை ஆராய்ந்த நிபுணர்களால் எல்லாவற்றிலும் ஒரே முடிவுக்கு வர முடியவில்லை. விஷயம் அறிந்தவர்களுக்கே இந்த நிலை. ‘எதையும் நம்பாதே’ என்று நாம் வளர்க்கும் தலைமுறை, மெய்யான காட்சியைப் பார்த்தாலும் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடும். அந்த நாள் இந்த ஊருக்கு வந்துவிடக் கூடாது.

இனி, பேசக் கூசும் பகுதிக்கு வருகிறேன். கூச்சப்பட்டு விட்டுவிட்டால் பிள்ளைகள்தான் அதன் விலையைக் கொடுப்பார்கள். 2023 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டின் அல்மெந்திரலேகோ என்ற சிறிய ஊரில், இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிச் சிறுமிகளின் நிர்வாணப் படங்கள் செல்போன்களில் சுற்றின. எல்லாம் போலி. ஆடையோடு இருந்த இன்ஸ்டாகிராம் படங்களை ஒரு செயலியில் போட்டு எடுத்தவை. செய்தவர்கள் யார்? அந்தச் சிறுமிகளுக்குத் தெரிந்த, அதே ஊர்ப் பையன்கள். 15 சிறுவர்களுக்கு நீதிமன்றம் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அடுத்த ஆண்டு தென்கொரியாவில் பள்ளி பள்ளியாக இதே கொடுமை டெலிகிராம் வழியாக வெளியே வந்து, இத்தகைய படங்களை வைத்திருந்தாலும் பார்த்தாலும் குற்றம் என்று சட்டமே மாற்றப்பட்டது. இந்தப் படிப்பினை நமக்கு முக்கியம். பெண் பிள்ளைகளிடம் ‘போட்டோ போடாதே’ என்று சொல்வதோடு நம் வேலை முடியவில்லை. பையன்களை உட்கார வைத்து, ‘விளையாட்டுக்குச் செய்தேன்’ என்ற சொல் இங்கே செல்லாது என்று சொல்ல வேண்டும். போக்சோ சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தம், கணினியில் உருவாக்கிய, குழந்தையைப்போலத் தோன்றும் படத்தையும் சேர்த்தே கணக்கில் எடுக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை ரத்துசெய்து உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23-ல் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, இத்தகைய படத்தை அழிக்காமல், புகாரும் கொடுக்காமல் வைத்திருப்பவரும் சட்டத்தின் பிடியிலிருந்து தப்ப முடியாது.

பெற்றோரின் பங்கும் இதில் இருக்கிறது. பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, தசராவுக்குக் குட்டி அம்மன் வேடம், கடற்கரையில் குளியல் என்று எல்லாப் படங்களையும் பொதுவில் போடுகிறோம். பிள்ளையின் சீருடை, பள்ளிப் பெயர், குரல் அத்தனையும் அதில் இருக்கின்றன. 2023-ல் ஜெர்மனியின் டாய்ச் டெலிகாம் நிறுவனம் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. ஒன்பது வயதுச் சிறுமியின் படங்களிலிருந்து அவளைப் பெரியவளாக உருவாக்கி, தியேட்டர் திரையிலிருந்து தன் பெற்றோரிடமே அவள் பேசுவதாகக் காட்டினார்கள்: என் படங்களை இப்படி விட்டால் எனக்கு என்னவெல்லாம் நடக்கும் தெரியுமா என்று. அதைப் பார்த்தால் கை தானாகவே பின்வாங்கும். குடும்பக் குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்தாறு வயதுக்கு மேல் போடும்முன் பிள்ளையிடமே கேளுங்கள். தன் முகத்துக்குத் தன்னிடம் அனுமதி கேட்பார்கள் என்று வீட்டில் பழகிய பிள்ளைதான் அடுத்தவர் முகத்துக்கும் அனுமதி கேட்கும்.

அப்பா தூரத்தில் இருக்கும் வீடுகளுக்கு இன்னொன்று. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பழைய சகா ஒருவரின் முகத்தோடு வாட்ஸ்அப் வீடியோ கால் வந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்றது அந்த முகம். 40,000 ரூபாயை அனுப்பிவிட்டார். மறுபடியும் கேட்டபோதுதான் சந்தேகம் தட்டியது. குரலும் முகமும் அப்பாவுடையதாகவே இருந்தாலும், ‘உடனே அனுப்பு’, ‘அம்மாகிட்ட சொல்லாதே’, ‘இந்த அங்கிள்கூட வா’ என்று வந்தால், பிள்ளை ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கான பதில் வீட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஃபேஸ்புக்கில் இருக்கும் செல்லப் பெயரோ நாய்க்குட்டியின் பெயரோ உதவாது. அடுத்த விடுமுறையில் அப்பா வரும்போது பிள்ளையும் அவருமாகச் சேர்ந்து ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்ளட்டும். பயமுறுத்தாமல் விளையாட்டாகவே இதைச் செய்துவிடலாம்.

பள்ளிகள் என்ன செய்யலாம் என்பதற்குப் பக்கத்து மாநிலமான கேரளத்தில் முன்மாதிரி உண்டு. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக்கு எதிராக வாட்ஸ்அப் வதந்திகள் கிளம்பி, பெற்றோர்கள் ஊசி போட மறுத்ததைப் பார்த்த கண்ணூர் மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலி, 2018-ல் 150 அரசுப் பள்ளிகளில் ‘சத்யமேவ ஜயதே’ என்ற வகுப்புகளைத் தொடங்கினார். பொய்ச் செய்தி எப்படி உருவாகிறது, வந்ததை எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் பாடம். பெரிய நிதியோ புதுக் கட்டடமோ தேவைப்படவில்லை; ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தமிழ்நாடு அரசுக்கும் தகவல் சரிபார்ப்பகம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தூத்துக்குடி மாவட்ட நிர்வாகமும் கல்வித் துறையும் அதையும் சேர்த்துக்கொண்டு, தருவைகுளம் முதல் பெரியதாழை வரையிலான கடலோரப் பள்ளிகளிலும் உப்பளத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலும் இந்த வகுப்பைத் தொடங்க வேண்டும். விடியுமுன் அம்மாவும் அப்பாவும் உப்பளத்துக்குப் போய்விடும் வீட்டில், பிள்ளைக்குத் துணையாக இருப்பது செல்போன்தான். அந்தப் பிள்ளையிடம் பேச ஆசிரியரை விட்டால் ஆளில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். “உன் மூஞ்சிய வச்சு யாராவது எதாவது செஞ்சா, நீ வந்து சொல்லு. திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன், செல்லைப் பிடுங்க மாட்டேன்” என்று பிள்ளைக்கு இன்றே வாக்குக் கொடுங்கள். மிரட்டலுக்கு ஆளாகும் பிள்ளைகள் வாய் திறக்காமல் இருப்பதற்கு வீட்டைப் பற்றிய பயமும் ஒரு காரணம். அப்படி ஒன்று நடந்துவிட்டால், அனுப்பியவரின் எண்ணையும் கணக்கின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை யாருக்கும், நியாயம் கேட்பதற்காகக்கூட, ஃபார்வர்டு செய்யாதீர்கள். அமெரிக்காவின் காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் ‘டேக் இட் டவுன்’ சேவையில், படத்தைப் பதிவேற்றாமலே அதன் டிஜிட்டல் அடையாளத்தை மட்டும் கொடுத்து, அதில் இணைந்துள்ள தளங்களில் பரவாமல் தடுக்கக் கோரலாம். 18 வயதுக்குட்பட்ட எவருக்கும் அது இலவசம். சைபர் குற்றப் புகாருக்கு 1930. குழந்தைகள் உதவிக்கு 1098. இந்த இரண்டு எண்களையும் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுத வைத்து, வீட்டில் செல்போன் சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.